வெள்ளிக்கிழமை மட்டும் மாறாத எண்

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ரெண்டு என் தங்கை போனபோது விட்டுப் போனது. மூன்றாவது வரைதான் படித்தேன். அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விஷயம் சரியாக இருக்கும்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உலகத்தின் கணக்கு ஒன்றை மாற்றிவிட்டேன். எட்டு வாரம் அது மாறியே இருந்தது, வெள்ளிக்கிழமைகள் தவிர. இதைச் சொன்னால் என் மூத்த மகன் காதில் விழாதவன் மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டுவான். அவன் கூட்டட்டும்.

பெங்களூரில் பெரிய பெரிய படிப்பெல்லாம் படிக்கிற ஓர் இடம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்களுக்குச் சங்கடம். அங்கே ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில் டீயும் டிபனும் கொடுக்கிற கவுண்டர் என்னுடையது. இருபத்தாறு வருஷம் நடத்தினேன். அதற்குள் நாலு டைரக்டர் மாறினார்கள். என் சாம்பார் மாறவில்லை. புதிதாக வருகிற சார்களுக்கு எந்த மாடியில் எந்த ரூம் என்று வழி சொல்வதே நான்தான்.

கவுண்டருக்குப் பின்னால், படி சரிந்து இறங்குகிற இடத்தில், குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்ன அறை. அரிசி, பருப்பு, கிரைண்டர், எல்லாம் அதில்தான். மத்தியானம் மாவு ஆட்டிக் குண்டானில் வைத்துவிட்டு, அஞ்சு மணிக்கு விவேக் நகர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். மறுநாள் காலை ஆறரைக்கு வந்தால் மாவு பொங்கியிருக்கும். ஏழரைக்கு இட்லி.

வெயில் காலத்தில் இதில் ஒரு தொல்லையும் இல்லை. நவம்பர் வந்தால்தான் வம்பு. பெங்களூர்க் குளிரைப் பற்றி இங்கே எல்லோரும் தங்கள் வீட்டில் செய்தது மாதிரி பெருமை பேசுவார்கள். மாவுக்கு அது தெரியுமா? வைத்தது வைத்தபடி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற என் மருமகள் ஓவனுக்குள் பல்பைப் போட்டு, அதற்குள் மாவை வைப்பாள். நான் ஓவனுக்கு எங்கே போவேன்?

அந்த வருஷம் நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள், முடிந்த வாரம். அறையில் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோது காலில் இதமாக ஏதோ பட்டது. பார்த்தால், சுவரின் கீழ்ப் பக்கம், என் முழங்கால் உயரத்தில், வலை அடித்த ஓர் ஓட்டை. ஒரு சாண் அகலத்துக்கு மேல் இல்லை. அதிலிருந்து வெதுவெதுவென்று காற்று வருகிறது. தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஒரு சூடு. இத்தனை வருஷம் அதன் முன்னால் வெங்காய மூட்டையைப் போட்டு வைத்திருந்தேன்.

வெங்காயத்தை அந்தப் பக்கம் தள்ளினேன். மாவுக் குண்டானை ஓட்டையோடு ஒட்டி வைத்தேன். சூடு வீணாகப் போகக் கூடாது இல்லையா, ஒரு கோணியை எடுத்துக் குண்டானையும் ஓட்டையையும் சேர்த்து, இடுக்கு விடாமல் சுற்றி அடைத்தேன். மறுநாள் காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்தக் குளிரில் ஊரெல்லாம் இட்லி கல்லாக இருக்க, என் இட்லி மட்டும் பூவாக இருந்தது. பக்கத்துக் கட்டிடத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். எப்படி என்று கேட்டார்கள். கை ராசி என்றேன். கோணியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். கீழ்த் தளத்து லேபில் அஞ்சு வருஷமாக ஆராய்ச்சி. ஒல்லி. தினமும் காலையில் முதல் ஆளாக வந்து மூன்றாவது படியில் உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிடுவாள். என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவாள். அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆயா, நீங்க அரிசிக்கு உளுந்து எவ்ளோ போடுவீங்க?" என்றாள்.

"நாலுக்கு ஒண்ணு."

"நாலு என்ன? கிலோவா, டம்ளரா?"

"எதுவா இருந்தா என்ன? நாலு டம்ளருக்கு ஒரு டம்ளர். நாலு லாரிக்கு ஒரு லாரி."

"அதேதான். நான் பாக்குற எண்ணும் அப்டித்தான் ஆயா. அதுக்குக் கிலோவும் கெடையாது, மீட்டரும் கெடையாது. ஒவ்வொரு அணுவும் தன்னைத்தானே எவ்ளோ இறுக்கிப் புடிச்சிருக்குங்கறதுக்கு ஒரு கணக்கு. அது ஆதியிலேருந்து இதே கணக்குதானா, இல்ல காலம் போகப் போகக் கொஞ்சம் மாறுதான்னு பாக்கறேன்."

"யாரு மாத்துவா?"

"யாரும் மாத்த வேணாம். தானா மாறலாம்."

"ஆண்டவர் ஒரு தடவ போட்டது போட்டதுதான். போட்ட ரோட்ட மறுபடி நோண்டறதுக்கு அவரு என்ன காண்ட்ராக்டரா?"

அவள் சிரித்தாள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. நாலுக்கு ஒன்று என்பது ஒரு நாள் தானாக நாலுக்கு ஒன்றரை ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆதியில் எப்படி இருந்தது என்று இப்போது எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். அதற்குத்தான் வானத்து வெளிச்சம் என்றாள். எட்டாத தூரத்திலிருந்து வருகிற வெளிச்சம், நம்முடைய பூமியே பிறக்காத காலத்தில் கிளம்பியதாம்.

"இப்பத்தான் வந்து சேந்துதா?"

"இப்பத்தான் ஆயா."

"சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டு வந்திருக்கும்."

அந்த வெளிச்சம் வருகிற வழியில் இரும்பு, மெக்னீசியம் எல்லாம் ஆவியாக, மேகம் மாதிரி குறுக்கே நிற்குமாம். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், கட்டம் போட்ட சேலையில் இருக்கிற மாதிரி வரிசையாகக் கறுப்புக் கோடு விழும். வந்த தூரத்தில் சேலை இழுபட்டு நீண்டிருக்கும். அதனால் பரவாயில்லை, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் நீளும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உள்ள கணக்கு மாறியிருந்தால்தான் உலகத்தின் எண் மாறியது என்று அர்த்தம். ஒப்புப் பார்க்க இன்றைய இரும்பு வேண்டும் அல்லவா? அதற்கு லேபில் ஒரு விளக்கும் ஒரு பெரிய பெட்டியும் வைத்திருந்தாள். லாரி ஓடி ஆட்டம் கொடுக்காத விடியற்காலையில் அந்தப் பெட்டி தானாகவே கோடுகளை அளந்து எழுதி வைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கும் ஓய்வு.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இவ்வளவுதான். இது போதும் என்று அவளே சொன்னாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அவள் இட்லியைத் தொடவே இல்லை.

"ஆயா, மாறியிருக்கு."

"எது?"

"அந்த எண்ணு. ரொம்பக் கொஞ்சம். ஆனா மாறியிருக்கு. போன மாசம் வெளக்கு அவிஞ்சு போயிப் புதுசு போட்டேன் இல்ல, அதுலேருந்து தெளிவா தெரியுது. பழைய வெளக்கு சரியில்லாமத்தான் இத்தன நாள் தெரியல."

அவளுடைய சார் மைசூர்க்காரர். கன்னடமும் தமிழும் அவருக்கு ஒரே தட்டில் வரும். என்னைக் கன்னடத்தில் அஜ்ஜி, அதாவது பாட்டி, என்பார். அன்றைக்கு அவர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கவுண்டரைச் சுற்றிச் சுற்றி நடந்தார், ஆறிப் போகும்வரை குடிக்கவில்லை. ஜனவரி முதல் திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள். வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் எல்லாம் வருவார்களாம். அவர்கள் முன்னால் இந்தப் பெண் எழுந்து நின்று, உலகத்தின் எண் மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

சொல்லி அது சரியாக இருந்தால் புத்தகத்தில் அவள் பெயர் வரும். தப்பாக இருந்தால் அவள் அஞ்சு வருஷமும் போயிற்று. அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த லேபில் போய் நின்றாலும், உலகம் மாறிவிட்டது என்று சொன்னவள் இவள்தான் என்று கையைக் காட்டுவார்கள். அவளே இதைச் சொன்னாள், மூன்றாவது படியில் உட்கார்ந்து, சட்னியை விரலால் கோடு இழுத்துக்கொண்டு.

நான் சும்மா இருப்பேனா? வியாழக்கிழமைதோறும் மத்தியானம் ரெண்டு மணிக்கே கவுண்டரைச் சாத்திவிட்டு எங்கள் கோயிலில் குழந்தை இயேசு நவநாள் ஜெபத்துக்குப் போவது என் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் விட்டதில்லை. அங்கே போய் இந்தப் பெண்ணுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். எண் மாறியே இருக்கட்டும் சாமி என்று வேண்டவில்லை. அது அவர் கணக்கில் தலையிடுவது. பெண் வெட்கப்படாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரம் அவள் வேறு ஒன்று சொன்னாள்.

"வெள்ளிக்கெழம மட்டும் மாற மாட்டேங்குது ஆயா. மத்த நாள் எல்லாம் மாறியிருக்கு. வெள்ளிக்கெழம காலைல எடுத்தா மட்டும் பழையபடியே இருக்கு."

"அதுக்கு என்ன பண்ண?"

"வியாழக்கெழம சாயங்காலம் ஜெனரேட்டர் பாக்க ஆளுங்க வராங்க. அதுல கரண்ட் ஏதோ ஆகி மெஷின் தப்பா காட்டுது. நான் வெள்ளிக்கெழமய எல்லாம் எடுத்து ஓரமா வெச்சிட்டேன். கணக்குல சேக்கல."

நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை நவநாள், வெள்ளிக்கிழமை விடியலில் உலகமே அடங்கி நிற்கிறது. ஜெனரேட்டராம். அவளுக்கு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதைக் கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு நாற்பது ஆனது. பக்கத்து வீட்டுக்காரி தன் மகள் விசாவுக்காக என்னை வேண்டிக்கொள்ளச் சொன்னாள். இன்னொருத்தி தன் வீட்டுக்காரரின் முழங்காலை ஒப்படைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசையிலிருந்து நேராகப் பஸ் ஏறி, திங்கட்கிழமைக்கு மாவு ஆட்டிக் கோணி சுற்றிவிட்டு வருகிற வழியெல்லாம் முழங்காலுக்கு ஜெபம் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து பண்டிகை முடியும்வரை கவுண்டர் கிடையாது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வரவில்லை. திரும்பி வந்து, பண்டிகைக்குச் சுட்ட ரோஸ் குக்கியை நீட்டினால் அந்தப் பெண் அழுகிற மாதிரி நிற்கிறாள்.

"கிறிஸ்மஸ் காலைலயும் மாறல ஆயா. மறுநாளும் மாறல. ஜெனரேட்டர் ஆளுங்க அந்தப் பக்கமே வரல. அப்ப என் காரணம் தப்பு."

"தப்பு என்ன தப்பு? பொறந்த நாளுக்கு மரியாதை" என்றேன். என் சந்தேகமெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

சார் பக்கத்தில் நின்று குக்கியைக் கடித்துக்கொண்டிருந்தார். "அஜ்ஜி, உங்க தேவரு, உங்க சாமி, ஃப்ரைடேக்கும் கிறிஸ்மஸுக்கும் லீவு குடுத்தா சந்தோஷம். ஆனா அதை நான் ஃபிசிக்ஸ்ல எல்லி எழுதறது? எங்க எழுதறது, சொல்லுங்க."

"மேல எழுதுங்க. தலைப்புல."

புது வருஷம் பிறந்தது. திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி. அவளும் சாரும் படியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக் காலையில் இந்தக் கட்டிடத்தில் என்னவெல்லாம் வேறு மாதிரி நடக்கிறது என்று பட்டியல். செக்யூரிட்டிக்கு ஷிஃப்ட் மாறுகிறது. லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். எழுதி எழுதி அடித்தார்கள், கிறிஸ்துமஸ் அன்று இவை எதுவுமே நடக்கவில்லையே.

சார் தட்டிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துப் போட்டார். "உப்பிட்டு" என்றார். "நம்ம உப்புமா. ஃப்ரைடே ஆனா அஜ்ஜி இட்லி கொடுக்க மாட்டாங்க, உப்புமா."

அவள் அதையும் தாளில் எழுதினாள். சிரிக்கத்தான் எழுதினாள்.

எனக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை ஏன் உப்புமா? மாவு இல்லை. மாவு ஏன் இல்லை? வியாழக்கிழமை நான் ஆட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஆட்டவில்லை.

மெல்லக் கேட்டேன். "ஏம்மா, உன் பொட்டி ராப்பகலா ஓடுதே, சூடாகாதா?"

"ஆகும் ஆயா. ஆனா பின்னால ஃபேன் இருக்கு. சூட்ட வெளில தள்ளிடும்."

"வெளிலன்னா எங்க?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம். ஏதோ ஸ்டோர் ரூம்னு சொன்னாங்க."

நான் ஸ்டோர் ரூமுக்குள் குனிந்து போய் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஓட்டை என் பக்கமாக மூச்சு விட்டது. இரண்டு மாதமாக அது யாருடைய மூச்சு என்று நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு பேரை வளர்த்தவள் நான், அந்த ஆறு பேரும் தப்பு செய்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பார்களே தவிர, நான் போய் யார் முன்னாலும் நின்று பழக்கமில்லை. அதோடு முழங்காலையும் விசாவையும் வேறு வாங்கி வைத்திருக்கிறேன். ஒருவேளை நான் நினைப்பதே தப்பாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானம் மாவு ஆட்டவில்லை. கோணியை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டேன். பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை. இட்லி இல்லை, பிரெட் என்றதும் பசங்க கூச்சல். அவள் மட்டும் கூச்சல் போடவில்லை.

"இன்னிக்குச் சனிக்கெழம ஆயா. இன்னிக்கும் மாறல." தாளைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள். "எட்டு வாரம் அவ்ளோ நல்லா வந்திருக்கு. இந்த நாளையும் வெள்ளிக்கெழமைங்களோட ஓரமா வெச்சிட்டு, திங்கக்கெழம மாறிடுச்சுன்னே சொல்லிடலாமான்னு இருக்கு. யாரு வந்து நாள எண்ணப் போறாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளில் அவள் மேடை ஏறிவிடுவாள். வெட்கப்படாமல் இருக்க வேண்டும் என்று நான்தான் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"கண்ணு, உள்ள வா. குனிஞ்சு வா, தலைல இடிச்சுக்காத."

வந்தாள். குண்டானைக் காட்டினேன். கோணியை எடுத்து, தினமும் எப்படிச் சுற்றி அடைப்பேன் என்று சுற்றிக் காட்டினேன். அவள் உள்ளங்கையை ஓட்டையில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"எத்தன நாளா ஆயா?"

"கல்லறைத் திருநாள்லேருந்து."

"நான் வெளக்கு மாத்தின வாரம்."

"வியாழக்கெழம வெக்க மாட்டேன். நவநாளு."

அவள் என் பக்கத்தில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. ரெண்டும்தான்.

"அஞ்சு வருஷம் படிச்சேன் ஆயா. செவுத்துக்கு அந்தப் பக்கம் வந்து ஒரு தடவ எட்டிப் பாக்கல."

"நான் இருவத்தாறு வருஷமா இந்தப் பக்கம் இருக்கேன். நானும் பாக்கல."

சாரைக் கூப்பிட்டோம். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். நுழைந்ததும் படியில் தலையை இடித்துக்கொண்டார். கோணியைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"ஒன் நிமிஷ, அஜ்ஜி. யாரும் எதையும் ஒத்துக்க பேடா, வேணாம்" என்றார். "இது ஐடியா மட்டும்தான். ப்ரூஃப் எல்லி?"

அதாவது, நான்தான் தப்பு செய்தேன் என்று நானே சொல்வதைக்கூட அந்த மனுஷர் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாராம்.

அன்றைக்கே எனக்கு மாவு ஆட்டும் உத்தரவு வந்தது. அவர் நோட்டை விரித்து உட்கார்ந்தார். அரிசி நாலு, உளுந்து ஒன்று என்று எழுதிப் பேனாவை மூடப் போனார்.

"வெந்தயம் ஒரு ஸ்பூன்" என்றேன்.

"அது வேணுமா அஜ்ஜி?"

"பாதி எழுதினா அப்புறம் எப்படி சார் சரியா வரும்?"

எழுதினார். உப்பு எவ்வளவு என்று கேட்டார். கை என்றேன். கையைத் தராசில் கொட்டச் சொன்னார். மூன்று தடவை கொட்டினேன். மூன்று தடவையும் ஒரே அளவு. சார் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "உன் மெஷின்கிட்ட இதைச் சொல்லு" என்றார்.

முதலில் குண்டான் மட்டும், கோணி இல்லாமல். மூன்று மணி நேரம் கழித்துப் பெட்டியை அளக்க வைத்தார்கள். பழைய எண். மாறவில்லை. அடுத்து குண்டானும் கோணியும். மூன்று மணி நேரம். மாறியது. அன்றைக்கு அந்தப் பெண் முகத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன. எண் மாறினால் அவள் கண்டுபிடித்தது பொய், ஆனால் காரணம் கிடைத்தது என்று சந்தோஷம். எதற்கு முகம் மலர வேண்டும் என்று அவளுக்கே பிடிபடவில்லை. இதற்குள் இங்கேயும் அங்கேயும் தூக்கி வைத்ததில் மாவு பொங்கி வழிந்து சாரின் ஷூவில் இறங்கியது. அதையும் நேரம் போட்டு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தேன். மூன்றாவது சோதனை. குண்டான் இல்லை, மாவு இல்லை, வெறும் கோணி. மூன்று மணி நேரம் மூன்று பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாறிடுச்சு. வெறும் கோணிக்கே மாறிடுச்சு."

விஷயம் இப்படி. கோணி ஓட்டையை அடைத்ததும் சூடு வெளியே போக வழியில்லாமல் பெட்டியின் பின்பக்கம் தங்கிவிட்டது. சூடு பார்க்கிற கருவி முன் மூலையில் இருந்ததால் அதற்குத் தெரியவில்லை. பின்னால் இருக்கிற கண்ணாடி மட்டும் ஒரு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்து, கோடுகளைத் தள்ளிவிட்டது. எண் எங்கேயும் போகவில்லை.

"அஜ்ஜி, உங்க மாவு மேல தப்பு இல்லா. கோணி மேலதான்" என்றார் சார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கோணியைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அது அரிசிக்காரன் கொடுத்தது.

திங்கட்கிழமை ஹாலில் டீ என் பொறுப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் கெட்டிலோடு நின்றேன். அவள் இங்கிலீஷில் பேசினாள். எனக்குப் பிற்பாடு தமிழில் சொன்னாள், அதனால் எழுதுகிறேன். உலகத்தின் எண் மாறிவிட்டது என்று உங்களிடம் சொல்ல இருந்தேன், மாறவில்லை என்று சொல்ல வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தாளாம். அப்புறம் திரையில் ஒரு படம் வந்தது. சுவர் அளவுக்கு என் கோணி. ஹால் முழுக்கச் சிரித்தது. அவள் காது சிவந்ததைப் பின் வரிசையிலிருந்தே பார்த்தேன். கெட்டிலின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முன் வரிசையில் வெளிநாட்டிலிருந்து வந்த நரைத்த அம்மா ஒருத்தி எழுந்தாள். சிரிப்பு அடங்கியது.

வெள்ளிக்கிழமைகளை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டாள்.

இந்தப் பெண் தண்ணீர் குடிக்கவில்லை, சாரைப் பார்க்கவில்லை. "நான் எதிர்பாத்தது அதுல வரல. அதனால தூக்கிப் போட்டேன்" என்றாள். "அதுங்கதான் சரியா இருந்தது."

அந்த அம்மா உட்காராமல் நின்றபடியே, இதை வாயால் சொல்கிறவள் மீதி எண்களைச் சொன்னால் நான் நம்புவேன், மேலே சொல் என்றாளாம். அப்புறம் இந்தப் பெண் ஒரு மணி நேரம் வெள்ளிக்கிழமைகளை வைத்தே பேசினாள். பூமி பிறப்பதற்கு முன்னால் கிளம்பிய வெளிச்சத்திலும் இன்றைக்கு அவள் விளக்கிலும், இவர்களால் அளக்க முடிந்த மட்டும், எண் ஒன்றுதான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். டீக்கு வந்தபோது அந்த அம்மா என்னிடம் ரெண்டு கப் வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் அவள் மூன்றாவது படிக்கு வந்தாள்.

"ஒண்ணுமே மாறலன்னு சொல்றதுக்கு அஞ்சு வருஷம் ஆயா."

"தல குனியாம சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"அப்ப சாப்பிடு."

அந்தக் கோடையில் அவளுக்கு டாக்டர் பட்டம் வந்தது. இப்போது வேறு தேசத்தில், வேறு பெட்டியோடு இருக்கிறாள். போகும்போது தன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தாள். செங்கல் மாதிரி கனம். எங்கள் கோயில் வாசலில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், கோணிதான் என்று. அதற்குள் விசா வந்துவிட்டதால் யாரும் கேட்பதாயில்லை.

புத்தகம் அலமாரியில் ரெண்டு வருஷம் இருந்தது. போன மாதம் கடைசி மகனின் பெண் லீவுக்கு வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். நான் எங்கே வருகிறேன் என்று தேடச் சொன்னேன். நன்றி சொல்கிற பக்கத்தில், படிக்கு அடியில் இருக்கிற ஆயாவுக்கு என்று இருந்தது. அது சரி, மரியாதை. உள்ளே கட்டம் போட்ட ஒரு பக்கத்தில் சோதனை விவரம். கோணிக்கு அதில் வெப்பத் தடை என்று பெயர்.

"மாவுக்கு?" என்றேன்.

அவள் விரலை வைத்துப் படித்தாள். "பயலாஜிக்கல் லோடு."

"அப்டின்னா?"

"உயிருள்ள சுமைன்னு அர்த்தம் பாட்டி."

என் மாவு சுமையாம். நாலுக்கு ஒன்று இல்லை, வெந்தயம் இல்லை, கை உப்பைத் தராசில் நிறுத்தது இல்லை. குற்றம் செய்த கோணிக்கு ஒரு பெயர், செய்யாத மாவுக்கு இப்படி ஒரு பெயர். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் எழுத்து அப்படி. ஆனால் நூறு வருஷம் கழித்து யாராவது அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் மாவின் மேல் சந்தேகம் வரும். அதற்குத்தான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபது நாளாக இதை எழுதினேன்.

முடிந்தது. பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்து மிக்சர் தின்கிறாள்.

"கைய தொடச்சிட்டு வா கண்ணு. மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. எழுத்து எங்கியாவது கோணலா இருந்தா நீயா திருத்தாத, அப்டியே படி. மெதுவா."